குருவிநத்தத்து ஒற்றுப்பிழை

வானத்துக்கும் பூமிக்கும் நடுவே ஒரே ஒரு தூர்தர்ஷன் மட்டும் இருந்த காலத்தில், அதுவும் மழை பெய்தால் வராது, காக்கா உட்கார்ந்தால் வராது, டெல்லியில் யாராவது பெரிய மனிதர் கண்ணை மூடினால் நாள்கணக்கில் வெறும் வீணையாகவே வந்துகொண்டிருந்த காலத்தில், குருவிநத்தத்தில் ஆதிலிங்கம் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தார், கடை இருக்கும், அவர் இருக்கமாட்டார். எங்கே வயர் தொங்குகிறதோ அங்கே போய்ப் பார்த்தால் அதன் நுனியில் அவர் தொங்கிக்கொண்டிருப்பார்.

கடற்கரைப் பக்கத்து ஊர்களில் இலங்கை டி.வி. தெரிகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, குழாய்மேல் குழாயாகச் சொருகிக் கோயில் கோபுரத்தைவிட உயரமாக ஓர் ஆண்டெனாவை நட்டு, ஓர் எழுத்துப் புரியாத சிங்கள நாடகத்தைக் காட்டி எங்கள் ஊர்ப் பெண்களை முதன்முதலாக டி.வி. முன்னால் அழவைத்தவர் அவர்தான். கொடைக்கானலில் ஒளிபரப்புக் கோபுரம் வந்து அந்த ஆண்டெனாவுக்கு வேலை போனதும் கை சும்மா இருக்காமல் வீடியோ டெக் ஒன்றை வாங்கி, தன் வீட்டில் படத்தைப் போட்டு, வயரைப் பக்கத்து வீட்டுக்கு இழுத்து, எதிர்வீட்டுக்கு இழுத்து, வேப்பமரத்திலும் புளியமரத்திலும் சுற்றி ஊர் முழுக்க இழுத்து, ஒரே படத்தை ஒரே நேரத்தில் ஊரே பார்க்கும்படி செய்தவரும் அவர்தான். பிறகு வளைகுடாவில் சண்டை வந்தது. குவைத்துக்குப் போன எங்கள் ஆட்கள் என்ன ஆனார்களோ என்று வீட்டுக்கு வீடு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தபோது, மெட்ராசில் ஏதோ பெரிய ஓட்டலில் அந்தச் சண்டையை நடக்க நடக்கவே காட்டுகிறார்களாம், அதற்கு மொட்டை மாடியில் ஒரு பெரிய குடையை மல்லாக்க வைத்திருக்கிறார்களாம் என்ற செய்தி அவர் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை, சோறு இறங்கவில்லை, பஸ் ஏறிவிட்டார். திரும்பி வரும்போது லாரி மேல் உட்கார்ந்து வந்தார், அவருக்குக் கீழே வைக்கோலுக்குள் அந்தக் குடை துண்டு துண்டாக இருந்தது. சண்டை அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

குடையை மாடியில் பூட்டி, கிழக்கே பார்க்க நிறுத்தி, சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்தோம். இவ்வளவையும் வீட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தது சந்தனமாரி, ஆதிலிங்கத்தின் மனைவி. அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆதிலிங்கம் வயரோடு ஊர் சுற்றப் போய்விடுவதால் வீட்டு முன்னறையில் இருந்த கண்ட்ரோல் ரூமில் கேசட் மாற்றுவது அவள், குடையின் மேல் காக்கா எச்சத்தைத் துடைப்பது அவள், காற்றடித்தால் கயிறு போட்டுக் கட்டுவது அவள், குடையைத் திருப்ப வேண்டியிருந்தால் ஸ்பேனரோடு மாடியேறித் திருப்புவதும் அவள். அவர் கீழே டி.வி.க்கு முன்னால் நின்று கிழக்கே, தெற்கே, போதும் என்று கத்துவார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதில் பெரும்பங்கு இந்த மாதிரித் திசைகள்தான்.

அடுத்து வந்தது போர்டு. கடைக்கு முன்னால் மாட்ட ஆதிலிங்கம் ஒரு போர்டு எழுதச் சொன்னார். பெயிண்டர் கோட்டைச்சாமி அதில் பெரிய எழுத்தாகத் தொடங்கிச் சின்ன எழுத்தாக முடித்திருந்தான்: 'ஆதி செயற்கை கோள் டி.வி.' அந்த வழியாக வந்த பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் தனுஷ்கோடி சார் சைக்கிளை நிறுத்தி இறங்கினார்.

"ஏய் கோட்டைச்சாமி, ஒற்று எங்கடா? செயற்கைக்குப் பக்கத்துல ஒரு க் போடணும். செயற்கைக்கோள்."

"எடம் பத்தல, சார்வாள்."

"எடம் பத்தலையா? ஒற்று போச்சுன்னா பொருளே போச்சுடா. செயற்கைக்கோள்னா மனுசன் செஞ்சு மேல விட்ட கோள். இப்ப நீ எழுதியிருக்கது செயற்கை, அப்புறம் தனியா ஒரு கோள். கோள்னா என்ன? ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர்கிட்டப் போட்டுக் குடுக்கது!"

பக்கத்தில் குடத்தோடு நின்ற ராசபுஷ்பம் அக்கா இதைக் கேட்டுவிட்டாள். எங்கள் ஊரில் கோளுக்கென்றே பிறந்தவள் அவள், காலையில் ஒரு வீட்டில் உப்பு வாங்கினால் மதியத்துக்குள் அந்த வீட்டுச் சண்டையை மூன்று தெருவுக்கு விநியோகம் பண்ணிவிடுவாள். "ஊர்ல இயற்கையா இருக்க கோள் பத்தாதா, சார்வாள், செயற்கையா வேற ஒண்ணு வேணுமாக்கும்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். சார் விடவில்லை. உலகப் போர் முடிந்த வருஷத்தில் ஓர் இங்கிலீஷ்காரர் உட்கார்ந்து கணக்குப் போட்டதையும், பூமத்திய ரேகைக்கு மேலே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரில் மூன்றே மூன்று கோள்களை நிறுத்தினால் உலகம் முழுக்கப் படம் காட்டலாம் என்று அவர் எழுதியபோது படித்தவர்களே சிரித்ததையும், அந்த ஆள் இப்போது நமக்குத் தெற்கே இலங்கையில்தான் குடியிருக்கிறார் என்பதையும் வெயிலில் நின்று சொன்னார். போர்டு மட்டும் திருத்தப்படவில்லை. ஒற்று இல்லாமலேயே மாட்டினார்கள்.

அந்த வாரத்தில்தான் அது வந்தது. டி.வி.யில் ஆறாம் நம்பருக்கும் ஏழாம் நம்பருக்கும் நடுவில், திருகு வட்டைத் திருப்பும்போது பூச்சிப் பூச்சியாகப் புள்ளிகள் பறக்கிற இடத்தில், சாயங்காலம் ஆறரை மணிக்கு, மாம்பழக்கலர் பட்டுப்புடவையில் ஓர் அம்மாள் தோன்றிக் கைகூப்பினாள். வணக்கம் என்றாள். செய்திகள் வாசிப்பது என்று சொல்லித் தன் பெயரைச் சொல்லும்போது மட்டும் இரைச்சல் வந்தது. பிறகு தாளைப் பார்த்து, திருத்தமான தமிழில், ளகரமும் ழகரமும் பிசகாமல் வாசித்தாள். "குருவிநத்தம் மேலத்தெரு பால்துரையின் மனைவி செல்வக்கனி, எதிர்வீட்டு மாடசாமியின் மருமகள் பேச்சித்தாய் குறித்து இன்று காலை குழாயடியில் கருத்துத் தெரிவிக்கையில், பேச்சித்தாய் வைக்கும் சாம்பாரில் பருப்பைத் தேட டார்ச் லைட் தேவைப்படும் என்று குறிப்பிட்டார்."

இதற்காக யாரும் மயங்கி விழவில்லை. டி.வி. என்று ஒன்று வந்துவிட்ட பிறகு அதில் எது வந்தால்தான் என்ன, அமெரிக்காக்காரன் சண்டை வரும்போது மேலத்தெருச் சாம்பார் வரக்கூடாதா. பேச்சித்தாய் மட்டும் எழுந்து, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தெருவைக் கடந்து போய்ச் செல்வக்கனியின் தலைமயிரைப் பிடித்தாள். மறுநாள் ஆறரைக்கு அந்தச் சண்டையைப் பற்றி யார் யார் என்ன சொன்னார்கள் என்று அம்மாள் வாசித்தாள், அதைக் கேட்டுவிட்டு இன்னும் நாலு வீட்டில் அடிதடி. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், இப்போது ஊர்வாய்க்கு ஒலிபெருக்கியே கிடைத்துவிட்டது.

ஊர்க்கூட்டம் போட்டு ஆதிலிங்கத்தைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னோம். "நான் போட்டாத்தானய்யா நிறுத்துகதுக்கு" என்றார் அவர். ஆனாலும் ஒரு நாள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். அந்த ஒரு நாளை எங்களால் தாங்க முடியவில்லை. இன்றைக்கு நம் பெயர் வந்திருக்குமோ, வந்திருந்தால் என்னவென்று வந்திருக்கும், சொன்னது யாராக இருக்கும் என்று ஒவ்வொருவரும் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தோம், உட்கார்ந்தோம், எழுந்தோம், வெந்நீர் ஊற்றின காலோடு திரிந்தோம். மறுநாள் விடிந்ததும் அதே ஊர்க்கூட்டம் ஆதிலிங்கத்தின் வீட்டு வாசலில் நின்று, தயவுசெய்து போட்டுவிடும் என்று கேட்டது.

பிறகு கொஞ்ச காலம் எல்லாரும் நல்லவர்களாக இருந்து பார்த்தோம். நேருக்கு நேர் நின்று புகழ்ந்தோம், அம்மாள் அதை வாசிக்கவில்லை. ஆள் இல்லாத இடத்தில் அந்த ஆளைப் பற்றிச் சொன்னதைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். கோளுக்கு இலக்கணம் அதுதானே. போகப் போகப் பழகிவிட்டது, பழகினது மட்டுமில்லை, பிடித்துவிட்டது. பெயர், தகப்பன் பெயர், தெரு எல்லாம் சேர்த்து அத்தனை மரியாதையாக, பட்டுப்புடவை கட்டின ஒருத்தி தன்னைப் பற்றி வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு, மறுநாளும் கேட்க வேண்டும் போல் இருந்தது. "நேத்து என் பேரு ரெண்டு தடவ வந்துச்சு பாத்தியா" என்று பால்துரை டீக்கடையில் மார்தட்டினான். புளி வியாபாரி தவசுமணி, யாராவது பேசட்டும் என்றே ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஷூவுமாகக் கடைவீதியில் நடந்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு ஆறரை வரைக்கும் இருந்து செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். பெயர் வராத நாளில் மனிதர்களுக்கு நெஞ்சு அரித்தது, வந்த நாளில் நாளைக்கும் வருமா என்று அரித்தது. ஆக, நிம்மதியாக இருந்தவர் யாருமில்லை.

சந்தனமாரியின் பெயர் மட்டும் வரவேயில்லை.

முதலில் அவளுக்குப் பயமாக இருந்தது. எல்லா வீட்டுக்கும் போகிற படம் அவள் இருக்கும் அறை வழியாகத்தான் போயிற்று, ஆகவே தன்னைப் பற்றி என்ன வந்தாலும் முதலில் தன் கண்ணில்தான் படும் என்று கையைப் பிசைந்துகொண்டு ஆறரைக்கு உட்காருவாள். பிள்ளை இல்லாததைச் சொல்வார்களோ, சீர் குறைவாகக் கொண்டுவந்ததைச் சொல்வார்களோ. வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. நாள் போகப் போக அந்த அப்பாடா கரைந்து, அங்கே ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. முகம் கழுவி, பொட்டு வைத்து, தலையில் பூக்கூட வைத்துக்கொண்டு அந்த அம்மாளுக்கு எதிரே உட்காருவாள், அம்மாள் ஊரில் உள்ள அத்தனை பேரையும் வாசித்துவிட்டு, செத்துப்போனவர்களைக்கூட வாசித்துவிட்டு, கைகூப்பிப் போய்விடுவாள். இத்தனை வருஷம் ஓர் ஊரில் வாழ்ந்து, ஒருத்தர் நாக்கிலாவது ஒரு நாளாவது விழாமல் இருக்க முடியுமா? வெண்டைக்காய் விற்க வாரத்துக்கு ஒருமுறை வருகிறவளின் மூக்குத்தியைப் பற்றிக்கூடப் பேசியிருக்கிறார்களே.

அவளும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் கறி எடுத்துக்கொண்டு கோயில் வழியாகவே வந்தாள். பச்சைப் புடவைக்குச் சிவப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனாள். ஒரு நாள் நிறைகுடத்தோடு அத்தனை பேருக்கும் நடுவில் பாசியில் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள், அது நிஜமாகவே விழுந்ததுதான். அன்றைக்கு நொண்டிக்கொண்டே ஓடிவந்து உட்கார்ந்தாள். அம்மாள் வாசித்தாள்: "பஞ்சாயத்துத் தலைவர் குழாயடிப் பாசியை வழிக்க ஆள் அனுப்புவதில்லை என்றும், இதனால் இன்று யாரோ ஒரு பெண் வழுக்கி விழுந்ததாகவும், ராசபுஷ்பம் அவர்கள் தெரிவித்தார்." யாரோ ஒரு பெண். சந்தனமாரி அன்றைக்கு அழுதாள். முட்டிக்காக என்று ஆதிலிங்கம் நினைத்தார், நினைத்தபடியே வயரைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

இதற்கிடையே வானத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இந்தியில் ஒன்று, இங்கிலீஷில் நாலு, பிறகு தமிழிலேயே, காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் படம், சாயங்காலம் தொடர் என்று, குடையில் மாம்பழம் உதிர்கிற மாதிரி சேனல்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. ஆதிலிங்கம் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கினார். நாங்கள் திருகு வட்டை விட்டு ரிமோட்டுக்கு வந்தோம், ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்றில் என்ன போகிறதோ என்று கட்டைவிரல் துடித்தது, எதையும் முழுசாகப் பார்க்காமல் எல்லாவற்றையும் பார்த்தோம். குழாயடிக்கு விளம்பர இடைவேளையில் ஓடிப்போய்க் குடத்தை வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். டீக்கடையில் டி.வி. வைத்தார்கள், பிறகு அங்கேயும் பேச்சு நின்றது. ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்வதற்கு ஒருவரை ஒருவர் பார்க்கவாவது வேண்டுமே. ஆறரைச் செய்தி மெல்ல மெலிந்தது. அம்மாளின் கையில் இருந்த தாள்கட்டு நாலு தாளாகி, ஒன்றாகி, ஒருநாள் வெறும் கையாயிற்று. போன வருஷச் சாம்பாரையே மறுபடி வாசித்தாள். பிறகு அதுவும் இல்லாமல், வணக்கம் சொல்லிவிட்டு, அரைமணி நேரமும் எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

இப்படியே விட்டால் அம்மாள் ஒருநாள் எழுந்து போய்விடுவாள் என்று பயந்து, பெரியவர்கள் சிலரும் ராசபுஷ்பம் அக்காவும் கண்ட்ரோல் ரூமில் கூடினார்கள். சந்தனமாரி காபி போட்டுக் கொடுத்தாள்.

"இதுவரைக்கும் யாரப் பத்திப் பேசாம விட்டோம்னு பாருங்க. ஒருத்தராவது மிச்சம் இருப்பாக" என்றாள் ராசபுஷ்பம் அக்கா. தெருத் தெருவாகப் பெயர் சொல்லி விரல் மடக்கிக்கொண்டே வந்து, கடைசியில் அவள் கண் காபித் தட்டில் வந்து நின்றது. தட்டை வைத்துவிட்டுச் சந்தனமாரி அடுப்படிக்குப் போயிருந்தாள். அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நம்ம ஆதிலிங்கம் அண்ணாச்சி வீட்டம்மா. இவளப் பத்தி யாரும் ஒண்ணும் பேசலையே?"

ஆகா என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேசத் தொடங்கினார்கள். தொடங்கினார்களே தவிர, ஒன்றும் வரவில்லை. அவள் எந்த ஊர்ப் பெண்? கயத்தாறு பக்கம் என்றார் ஒருவர், சங்கரன்கோவில் என்றார் இன்னொருவர். மூக்குத்தி போட்டிருக்கிறாளா? இடதா வலதா? அவள் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டே அவர்கள் இதைத் தேடினார்கள். கோளில் கரைகண்ட ராசபுஷ்பம் அக்காவுக்கே வாய் அடைத்துப்போயிற்று. "ச்சே, ஒரு குத்தங்கூட ஞாபகம் வர மாட்டேங்குதே" என்று தலையில் அடித்துக்கொண்டு, மூலையில் உட்கார்ந்து வயர் நுனியைச் சீவிக்கொண்டிருந்த ஆதிலிங்கத்திடம் திரும்பினாள். "அண்ணாச்சி, நீராவது சொல்லும். உம்ம வீட்டுக்காரி எப்படி?"

ஆதிலிங்கம் நிமிரவில்லை. "அவளா?" என்றார். "அவ பாட்டுக்கு இருக்கா."

சொன்னதில் கோபமில்லை, கேலியில்லை, ஒன்றுமேயில்லை. அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சந்தனமாரிக்கு அது கேட்டது. கேட்டதை அவள் நம்பாமல் இருந்திருப்பாள். ஆனால் அன்றைக்கு ஆறரைக்கு அம்மாள் வந்தாள், கையில் ஒரே ஒரு தாள் இருந்தது, அவள் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு தெம்பு தெரிந்தது. "குருவிநத்தம் நடுத்தெரு ஆதிலிங்கம், தன் மனைவியைப் பற்றிக் குறிப்பிடுகையில், அவள் பாட்டுக்கு இருப்பதாகத் தெரிவித்தார். இத்துடன் செய்திகள் முடிவடைந்தன." இதுக்குத்தானா இவ்வளவு என்று நாங்கள் வேறு சேனலுக்குப் போனோம். பெயர்கூட வரவில்லை. சந்தனமாரி அம்மாள் மறைந்த பிறகும் புள்ளிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபமாக இருந்தது, அந்தக் கோபம் இத்தனை வருஷமும் எங்கே இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம், வெயில் மஞ்சளாகிற நேரத்தில், அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். போல்ட்டுகளைக் கழற்றினாள். குடையின் விளிம்பைப் பிடித்து, கிழக்கே பார்த்திருந்ததை மேற்கே பார்க்கத் தள்ளித் திருப்பிவிட்டு, அதன் பக்கத்தில் நின்றாள்.

ஊர் முழுக்க ஒரே நேரத்தில் டி.வி.கள் இரைந்தன. அழுதுகொண்டிருந்த கதாநாயகி பாதி அழுகையில் புள்ளியானாள், ஓடிவந்த பந்துவீச்சாளன் பந்தை விடுவதற்குள் காணாமல் போனான். ரிமோட்டைத் தட்டிப் பார்த்து, டி.வி. தலையில் தட்டிப் பார்த்து, கதவுகளைத் திறந்துகொண்டு எல்லாரும் தெருவுக்கு வந்தோம். எத்தனை மாதத்துக்கு அப்புறம் ஒரே தெருவில் நிற்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது, "என்ன இப்படி இளைச்சிட்டே", "ஓம் மகனா இது, இம்புட்டு வளந்துட்டான்" என்று பக்கத்து வீட்டுக்காரர்களே கேட்டுக்கொண்டார்கள். பிறகு யாரோ மேலே பார்த்தார்கள். எல்லாரும் பார்த்தோம்.

"ஏத்தா, குடையத் திருப்பும்மா! செய்தி வரப்போகுது!"

"கேபிள்காரம்மா! ஏ கேபிள்காரம்மா!"

"ஆதிலிங்கம் சம்சாரம்! ஒங்களத்தான்!"

சந்தனமாரி கைப்பிடிச்சுவருக்கு வந்து குனிந்தாள். "யாரக் கூப்பிடுதீக?" என்று கேட்டாள்.

அவளுடைய குரலை அத்தனை சத்தமாக யாரும் கேட்டதில்லை. கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேர் என்னடா, பேர் என்னடி என்று கசமுசாவென்று கேட்டார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை, ராசபுஷ்பம் அக்காவுக்கே தெரியவில்லை, அவள் முகம் செத்துப்போயிற்று. அதற்குள் எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்த ஆதிலிங்கம் தோளில் வயர்ச்சுருளோடு ஓடிவந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு நின்றார்.

"ஏட்டி! என்ன காரியம் பண்ணுத? திருப்பு!"

"யாரச் சொல்லுதீக?"

"ஒன்னத்தாம்ட்டி!"

"நாந்தான் யாரு?"

ஊரே ஆதிலிங்கத்தின் வாயைப் பார்த்தது. அந்த மனிதர் விழித்தார். மறந்துவிடவில்லை, இருக்கத்தான் இருந்தது, ஆனால் பந்தக்கால் அவிழ்த்த நாளிலிருந்து எடுக்காத ஒன்றைப் பரணில் தேடுகிற மாதிரித் தேடினார். உதடு அசைந்தது. "சந்தனமாரி" என்றார்.

ஓ, அதுவா பேரு, என்று கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நல்ல பேராத்தான் இருக்கு என்றார் ஒருவர்.

"கேக்கல."

"சந்தனமாரி!" இந்தத் தடவை கத்தினார். கத்திவிட்டு மணியைப் பார்த்தார். "சந்தனமாரி, மணி ஆறரை ஆவப்போகுதுட்டி, சீக்கிரம் திருப்பு, ஆளுக காத்துக்கிட்டு இருக்காக."

எத்தனையோ சாயங்காலம் பூ வைத்துக்கொண்டு காத்திருந்த பெயர் அவளுக்குக் கிடைத்துவிட்டது, ஊரறிய, இரண்டு மூன்று தடவை. ஆனால் அவள் மனம் குளிரவில்லை. செய்திக்காகக் கிடைத்த பெயர் அது, குடை திரும்பினதும் மறுபடி பரணுக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கீழே நிமிர்ந்து நிற்கிற அத்தனை முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். ஓட்டுப் போடப் போன இடத்தில் கேட்டால்கூடக் கோயிலைக் காட்டி, அந்தச் சாமி பேருதான் என்பார்கள், முருகன் என்று பெயர் உள்ளவனைக் கட்டியவள் சாகிறவரைக்கும் முருகனைக்கூட வாய்விட்டுக் கூப்பிடமாட்டாள். சந்தனமாரியும் அப்படித்தான் இருந்தாள், அந்த நிமிஷம் வரைக்கும்.

"இந்தா, ஆதிலிங்கம்," என்றாள். "மேல ஏறிவந்து நீயே திருப்பிக்கோ."

நாங்கள் எல்லாரும் ஆதிலிங்கத்தையே பார்த்தோம், இப்போது விழுந்துவிடுவாரோ, அடுத்த நொடி விழுவாரோ என்று. அவர் விழவில்லை. வயர்ச்சுருளைக் கீழே போட்டுவிட்டு மாடிப்படிக்கு ஓடினார். பாதிப் படியில் அவள் எதிரே இறங்கி வந்தாள், ஸ்பேனரை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள். அவர் மேலே போனார், அவள் உள்ளே போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அதற்குள் தெரு கொதித்துக்கொண்டிருந்தது. "பேரச் சொல்லிப்பிட்டாளே!" "அதும் நீயின்னு!" "சந்தனமாரிக்கு இம்புட்டுத் தைரியம் எங்கேருந்து வந்துச்சு?" "சந்தனமாரி மொகத்தப் பாத்தியா?" "எனக்கு முன்னாடியே தெரியும், சந்தனமாரி லேசுப்பட்ட ஆளில்ல." குழாயடியிலும் டீக்கடையிலும் கோயில் வாசலிலும் அந்தப் பெயர் வாய்க்கு வாய் தாவிக்கொண்டிருந்தது. மேலே ஆதிலிங்கம் குடையைக் கட்டிப்பிடித்து இங்கேயும் அங்கேயும் தள்ளிக்கொண்டு, "வருதா? ஏப்பா, வருதா?" என்று கத்திக்கொண்டிருந்தார். பார்த்துச் சொல்ல எந்த வீட்டுக்குள்ளும் ஆள் இல்லை. அன்றைக்கு இல்லாவிட்டாலும் மற்றச் சேனல்களை எல்லாம் அவர் ஒருவாறு பிடித்துவிட்டார். பட்டுப்புடவை அம்மாள் மட்டும் பிறகு வரவேயில்லை.

சந்தனமாரி கூட்டத்துக்கு நடுவே நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள், வழி தானாக விலகியது. பஸ் நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ராசபுஷ்பம் அக்கா குடத்தைக்கூடக் கீழே வைக்காமல் மூச்சிரைக்க ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி சந்தனமாரி, எங்க போற? யாரு வீட்டுக்கு? திரும்பி வருவியா மாட்டியா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போட்டி. ஊர்ல கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். சந்தனமாரி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"ஒங்க இஷ்டத்துக்கு எதுனாலும் சொல்லிக்கிடுங்க, யக்கா," என்றாள். "பேரச் சேத்துச் சொல்லுங்க."